கீழ்த்தோட்டத்து வழியாகக் கண்டிக்கு

வேனில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. பேராதனையில் சரித்திரம் படிக்கும் எங்கள் மகள். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். வேனை ஓட்டிய என் மச்சான்.

பிரதேச சபைத் தேர்தலில் நான் ஜெயித்திருந்தேன். சத்தியப்பிரமாணம் எடுக்கக் கண்டிக்குப் போகிறோம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

எங்கள் தேயிலைத் தோட்டம் வத்தேகமைக்கு மேலே. கீழ்த்தோட்டம் எனக்கு வோட்டுப் போடவில்லை. "அவன் மேத்தோட்டத்து மெம்பரு, நமக்கில்ல" என்று கடைத்தெருவில் பேசினார்கள். எனக்கும் காதில் விழுந்தது. பாதிப் பேர் ஏற்காத பதவி எதற்கு என்று இருந்தது.

"குறுக்கு ரோட்டுல போ மச்சான்" என்றேன்.

மகள் விடவில்லை. "கீழ்த்தோட்டம் வழியா போங்க மாமா."

"கல்லெறிவாங்க புள்ள. வேன் கண்ணாடிக்கு ஒங்கப்பாவா காசு குடுப்பாரு?" என்றான் மச்சான்.

அவள் பரீட்சைக்குப் படித்ததைச் சொன்னாள். ஐந்நூறு, அறுநூறு வருஷத்துக்கு முந்திய ஜெர்மன் ராஜா. ரோமாபுரி போய் முடி சூட்டிக்கொண்டால்தான் சக்கரவர்த்தி. கூடப் போன படை கொஞ்சம்.

"படையில்லாத ராஜாவ யாரு மதிப்பா?" என்றார் தலைவர்.

"சில ஊரு கதவ சாத்துச்சு. சில ஊரு, எங்க பழைய உரிமைய எழுதிக் குடுங்கன்னு வந்து நின்னுச்சு. சக்கரவர்த்தின்னு ஒத்துக்காம அவருகிட்ட கேப்பாங்களா? முடி ரோமுல. பதவி வழியில."

மச்சான் கீழ்த்தோட்டத்துக்குத் திருப்பினான்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். வேண்டியவர் வந்தால் வாசலில் நிறைகுடம் வைத்து ஆலாத்தி எடுப்பது எங்கள் வழக்கம். குடம் இல்லை. மாலை இல்லை. ரோட்டின் குறுக்கே உடைந்த தண்ணீர்க் குழாய் கிடந்தது.

"அவமானம். வண்டியத் திருப்பு" என்றேன்.

கீழ்த்தோட்டத்துத் தலைவர் கண்ணாடியைத் தட்டினார். "எறங்குங்க மெம்பரே. மாலையெல்லாம் ஒங்காளுங்க போட்டிருப்பாங்க. எங்களுக்குத் தண்ணி வரல்ல."

மகள் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "கேக்குறாங்க அப்பா. எறங்குங்க."

இறங்கினேன். குழாயைத் தூக்கி ஓரம் வைத்தேன். ஒருத்தி கூரைத் தகரம் கேட்டாள். ஒருவர் பாலம் கேட்டார். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்துக்குக் கதவு, கோயிலுக்கு லைட். வோட்டுப் போடாத வீடெல்லாம் வெளியே வந்தது.

"வோட்டு மட்டும் வேறாளுக்கு" என்றாள் என் மனைவி.

"அடுத்த வாட்டி பாப்போம் அக்கா, மொதல்ல தண்ணி வரட்டும்" என்றாள் தகரம் கேட்டவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கண்டிக்குப் பிந்தித்தான் போனோம். கையெழுத்துப் போட்டேன். அங்கே ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னாலேயே நான் மெம்பர்.

திரும்பும்போது குண்டசாலையில் தேத்தண்ணி குடித்தோம். கீழ்த்தோட்டம் கேட்டவற்றை மகள் எண்ணினாள்.

நாற்பத்தொன்று.