தென்னைக்குப் போன ஆடிக் கூழ்

மணவாளனிடம் சந்தேகம் கேட்டுவிட்டுச் சுலபமாகத் தப்பித்தவர் கள்ளிக்குப்பத்தில் ஒருவரும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஆள். கல்யாணமான மறுவருஷம் மனைவி வசந்தாவோடு ஞானஸ்நானம் எடுத்தார். அன்றிலிருந்து ஆண்டவரைப் பற்றி எவன் எதைக் கேட்டாலும் டீக்கடை பெஞ்சிலேயே பதில் தயார். டீ ஆறிப்போகும், கேட்டவனுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடும், மனிதர் மட்டும் விடமாட்டார்.

பக்கத்து வீட்டு வேம்புலிக்கு இவரைச் சீண்டாவிட்டால் டீ இறங்காது.

“கிறிஸ்டீனுக்கு இன்னா மாமே மணவாளன்னு பேரு?”

“எங்க ஆண்டவரையே மணவாளன்னுதான் அண்ணாத்தே கூப்புடறோம். நான் ஏன் மாத்திக்கணும்?”

“அவரு வெள்ளக்கார சாமியாச்சே?”

“அவரு பொறந்த ஊர்லயும் ஆவடி வெயிலுதான். வெள்ளக்காரன் பின்னாடி வந்து சேந்தவன்.”

“சரி, சாமி கீறாருன்னா, மழ பேஞ்சா நம்ம தெருவுல ஏன் முட்டியளவு தண்ணி நிக்குது?”

“ஏரிய தூத்து ஊடு கட்னது நாம. கால்வாயில குப்ப கொட்னது நாம. பழி மட்டும் மேல கீறவருக்கா?”

வேம்புலி டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அவர் வீடும் ஏரியில்தான் நிற்கிறது.

இப்பேர்ப்பட்ட சூரர் ஒரே ஒரு விஷயத்தில் கோழை. வேம்புலியின் மனைவி ராஜம்மா ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினால், ஒரு தூக்குச்சட்டி நிறைய இவர் வீட்டுக்கும் வந்துவிடும். படைத்ததைக் கிறிஸ்தவன் சாப்பிடலாமா? அதற்கும் பதில் வைத்திருந்தார்: “நமக்கு அதுல ஒன்னும் ஆவாது. ஆனா சபையில மனசாட்சி பலவீனமானவங்க இருப்பாங்க. நாம குடிக்கறத பாத்தா அவங்க இடறிப் பூடுவாங்க. அவங்களுக்காக நாம ஒதுங்கிக்கணும்.” பலமான மனசாட்சி தன்னுடையதுதான் என்பதில் மனிதருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ராஜம்மாவிடம் மட்டும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. எப்படி வரும்? வசந்தாவுக்கு ஆபரேஷன் ஆனபோது சபை மக்கள் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரித் தரையில் படுத்து, மூத்திரச் சட்டி எடுத்தது ராஜம்மா. அதனால் வருஷா வருஷம் இரண்டு கையாலும் தூக்கை வாங்கி, “ரொம்ப தேங்க்ஸ்க்கா” என்று இளித்துவிட்டு, கொல்லையில் தென்னைக்கு ஊற்றிவிடுவார். அந்தப் பாழாய்ப்போன மரமோ தெருவே கண் வைக்கும்படி காய்த்துத் தொலைத்தது.

இந்த ஆடியில் மாட்டிக்கொண்டார். தூக்கைக் கொடுத்துவிட்டுப் போன ராஜம்மா, கருவாட்டுக் குழம்பை மறந்துவிட்டோமே என்று கிண்ணத்தோடு பின்பக்கமாக வந்தாள். பாதிக் கூழ் மரத்தடியில், மீதி இவர் கையில். பார்த்தாள். தூக்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வழக்கமாகச் சுவருக்கு மேலே கேட்கும் ராஜம்மாவின் “வசந்தா!” கேட்கவில்லை. வசந்தா பொங்கிவிட்டாள்.

“மூஞ்சிக்கு நேரா வேணான்னு சொல்லுன்னேனா இல்லையா? எனுக்குன்னு இந்த ஊர்ல கீறது அவ ஒருத்திதான். அவ பேசாம நீ இந்த ஊட்டுக்குள்ள வராத!”

பக்கத்து வீட்டுக்குப் போகும் பத்தடி தூரத்திலும் மணவாளன் பதிலை மனப்பாடம் செய்துகொண்டே போனார். ராஜம்மா வாசலில் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அக்கா, தப்பா நெனைக்காத. சாமிக்குப் படைச்சத நாங்க…”

“படைச்சதத்தான் உனுக்கு குட்த்தேன்னு எவன் சொன்னான்?”

ராஜம்மா கருவாட்டைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மனுக்குப் படைக்கறதுக்கு மின்னாடியே உன் பங்க தனியா எடுத்து வெச்சிடுவேன். படைக்கறதுக்கு மின்ன கரண்டிய போட்டா தப்பு. எங்க மாமியா இருந்திருந்தா என் கைய ஒட்ச்சிருப்பா. தாயே, கோச்சிக்காத, அந்த ஆளுக்கு மனசு கொஞ்சம் வீக்கு, படைச்சதக் கண்டா பயந்துக்கும்னு உனக்காக நான் கன்னத்துல போட்டுகினு நின்னேன்டா. வருஷா வருஷம்!”

இத்தனை நாள் பலவீன மனசாட்சிக்காரன் யாரென்று மணவாளன் சபையெல்லாம் தேடினாரே! வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணும் கலங்கிப்போயிற்று.

“அந்தத் தூக்குல மீதி இன்னும் கீதா, அக்கா?”

ராஜம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தூக்கைக் கொண்டுவந்து ‘ணங்’கென்று வைத்தாள். ஒரு நாள் புளித்த கூழ். மணவாளன் வாசற்படியிலேயே உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, தூக்கோடு குடித்தார். சொல்லக்கூடாது, அமிர்தமாக இருந்தது. ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குகிறதா என்று ராஜம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தூக்கு கவிழ்கிற நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“டேய், அந்த மரத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வெய்யி. பாவம், பழகிடுச்சி.”