நாலு பசங்களுக்குக் கொசு வராது

நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் கடைக்கு போர்டு எழுத எனாமல் பெயின்ட் டப்பாவைத் திறந்ததும் அப்பாவின் வாசனை வந்தது. ஆம்பூரில் போர்டு எழுதியவர் அவர். மண்ணெண்ணெயில் கை கழுவுவார். அவர் பிசைந்து ஊட்டும் சோற்றிலும் அந்த வாசனை வரும். ஆங்கிலத்தில் எஸ்ஸுக்கு முன்னால் மேலே வைக்கும் சின்னக் குறியைக் கொசு என்பார்.

ஒருமுறை தோல் மண்டி முதலாளி, "எல்லா போர்டுலயும் 'சன்ஸ்'க்கு கொசு இருக்கு. உன்னுதுல மட்டும் இன்னாத்துக்கு இல்ல?" என்றார்.

"உங்களுக்கு நாலு பசங்க பாய். கொசு வெச்சா ஒரு பையனோட மண்டின்னு ஆய்டும்."

"வெக்கலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்."

"பாத்துக்குங்க" என்று அப்பா ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இன்று சூப்பர்வைசர், 'ஷூஸ்'க்கு அந்தக் குறியை வைக்கச் சொன்னார். தப்பு என்றேன்.

"அஞ்சாவது படிச்சவன் எனக்கு இங்கிலீஷ் சொல்றியா? வேலை வேணுமா, வேணாமா?"

எனக்கு யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"வேணும் சார். ஆனா அது தப்புதான்" என்றேன். குறி இல்லாமலே எழுதி முடித்தேன்.