தூங்குகிறவரும் பயணிதான்

பஸ் டிப்போவில் டைம்கீப்பர் என்றால், பஸ் வெளியே போகும் நேரத்தையும் உள்ளே வரும் நேரத்தையும் எழுதுகிறவர். முப்பத்தாறு வருஷமாக அவர் செய்தது அதுதான். கேட் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. "ஒரு நிமிஷம்தானே டைம் சார், கண்ணை மூடிக்கங்க" என்று டிரைவர் யாராவது கெஞ்சினால், "நான் மூடினா கடிகாரம் நிக்குமா?" என்பார்.

வீட்டிலும் அதே கடிகாரம்தான். "உங்களுக்குப் பதிலா ஒரு அலாரத்தைக் கட்டிக்கிட்டிருக்கலாம். சாவி கொடுக்கலேன்னா அதாவது நிக்கும்" என்பாள் மனைவி.

அப்படிப்பட்ட மனிதர் டிப்போவின் ஊழியர் மன்றத்துக்கு உலகத்திலேயே மெதுவான படத்தைக் கொண்டுவந்தார்.

மன்றத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் படம் போடுவார்கள். எந்தப் படம் என்று ஒவ்வொரு மாதமும் ஒருவர் முடிவு செய்வார், சர்வீஸ் வரிசைப்படி. பதினோரு வருஷம் கழித்து அவர் முறை வந்திருந்தது. அடுத்த மாதம் ரிட்டையர்மென்ட். அதனால் இன்னொரு முறை வராது. மன்றத்துக்கு ஒரு விதியும் உண்டு. இடைவேளையில் தலை எண்ண வேண்டும். இருபதுக்குக் குறைந்தால் படத்தை நிறுத்திவிட்டு, அலமாரியில் இதற்கென்றே வைத்திருக்கும் சண்டைப் படத்தைப் போட வேண்டும்.

அவர் கொண்டுவந்தது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கும் கதை. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பெரிய வீட்டில் ஒரு விதவை. இருபது வருஷத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் போனவன் ஒருவன் அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். அவள் அதைப் பிரிக்காமல், குளிர்காய நெருப்பு எரியும் கணப்புக்கு மேலே வைக்கிறாள். மழை பெய்கிறது. டீ குடிக்கிறார்கள். கடிதம் அங்கேயே இருக்கிறது.

இந்தப் படத்தின் முதல் பாதியை அவரும் மனைவியும் வீட்டில் பார்த்திருந்தார்கள். "அசதியா இருக்கு, மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்" என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது.

ஐம்பது நாள் அங்கே இருந்தாள். ஐம்பது நாளும் இருவருக்கும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் சண்டை. "அவ பிரிக்கமாட்டா. நெருப்புல போடுவா" என்பாள் மனைவி. "மனுஷப் பிறவின்னா பிரிச்சுப் பாக்கும்" என்பார் இவர். இருவர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால். நர்ஸுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஷிப்ட் மாறும்போது டெம்பரேச்சரோடு சேர்த்து இந்த விவகாரத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

"போன்லயே மிச்சத்தைப் போட்டுக் காட்டட்டுமா?" என்று அவர் கேட்டபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "முடிவு தெரிஞ்சுட்டா அப்புறம் சண்டை போட என்ன இருக்கு?"

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. முடிவைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. நாலு பேர் நடுவில் என்றால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மகளுக்கு அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை. சுற்றி வளைக்கத் தெரியாது. "அப்பா, ரெண்டு நிமிஷத்துல தேடி முடிவைச் சொல்லிடறேனே" என்றாள்.

"சொன்னே, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன்."

சனிக்கிழமை இரண்டரைக்கு மகளும் மன்றத்துக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடும்பத்தாரும் வரலாம் என்பதும் விதி. "ஒரு தலை கூடுமில்ல" என்றாள். மொத்தம் முப்பத்தொரு பேர்.

முதல் பத்து நிமிஷம் ஒரு குதிரை வண்டி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"எங்கேர்ந்து கிளம்பிச்சாம்? போன வாரமா?" என்றார் ஒரு டிரைவர். "ஹார்னும் இல்ல, அவசரமும் இல்ல. இவனுக்கெல்லாம் யாரு மெமோ கொடுப்பா?"

டைம்கீப்பர் மடியில் நோட்டை வைத்திருந்தார். ஆட்கள் வெளியே போகப் போக அவர் கை தானாக எழுதியது. 2.47 வெல்டர், காரணம் பசி. 2.58 டயர் செக்‌ஷன் இருவர், காரணம் சொல்லவில்லை. 3.06 பெயின்டர், "டீ குடிக்கிறதை நான் வீட்டுலயே பாத்துக்கறேன்." ஒவ்வொரு தலை போகும்போதும் திரும்பி மிச்சத்தை எண்ணினார்.

போகாதவர்களும் ஒரே படத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. மெக்கானிக்கை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முதல் காட்சியிலேயே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "டைம் சார், அந்த வண்டிக்குப் பின்சக்கரம் ஆடுது. பாருங்க, இப்பக் கழண்டுடும்." ஒவ்வொரு முறை வண்டி வரும்போதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது திகில் படம்.

கேன்டீன் அக்கா கணக்கு வைத்தாள். "ஒம்பது தடவை டீ ஆச்சு. ஒருத்தி கப்பைக் கழுவினாளா?"

டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் பெண் மூன்றாவது நிமிஷத்திலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். இன்னும் யாரும் சாகக்கூட இல்லை. "என்னம்மா ஆச்சு?" என்று அக்கா கேட்டதற்கு, "யாரும் யார்கிட்டயும் கத்தவே இல்லக்கா" என்றாள். அவளிடம் தினமும் சில்லறைக்காக நானூறு பேர் கத்துவார்கள்.

மூன்றரைக்கு இடைவேளை. விளக்கு போட்டார்கள். தலை எண்ணுகிற பொறுப்பு ஒரு கண்டக்டருக்கு. விசில் என்று பெயர். வாயில் அது இல்லாதபோதும் பேச்சு அப்படித்தான் இருக்கும். சண்டைப் படத்தை ஏற்கெனவே அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"எட்டு!" என்றார்.

"இருபது" என்றார் டைம்கீப்பர்.

"சார், கண்ணு தெரியுதா உங்களுக்கு? முழிச்சிருக்கறது எட்டுப் பேரு."

உண்மைதான். பின்வரிசையில் பன்னிரண்டு டிரைவர்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, முதல் ஷிப்ட் முடித்து, நேராக இங்கே வந்தவர்கள். ஏ.சி. ஓடியது. மழைச் சத்தம் கேட்டது. யாரும் யாரிடமும் கத்தவில்லை. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, வாயில் ஈ போவது தெரியாமல் தூங்கினார்கள்.

"விதியில என்ன இருக்கு? உட்கார்ந்திருக்கறவங்க இருபது பேர்னு இருக்கு. முழிச்சிருக்கணும்னு இருக்கா?"

"படம் பாக்கறதுன்னா கண்ணத் திறந்து பாக்கணும் சார். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

டைம்கீப்பர் எழுந்து நின்றார். "சரி, நீயே சொல்லு. உன் பஸ்ல ஒருத்தன் ஏறினதுலேர்ந்து தூங்கறான். ஜன்னல்ல ஒண்ணையும் பாக்கல. அவன் டிக்கெட் எடுக்கணுமா, வேண்டாமா?"

விசில் இருபது வருஷமாகத் தூங்குகிறவர்களை உலுக்கி எழுப்பி டிக்கெட் கொடுத்தவர். வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கே ஊர் முழுக்கத் தூங்கிக்கொண்டு ஏறும்.

"எடுக்கணும்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப அவன் பயணி. அந்தப் பன்னண்டு பேரும் பயணி. படத்தைப் போடு."

பின்வரிசையில் ஒருவர் கண் விழித்தார். "முடிஞ்சுதா?"

"இல்ல, இல்ல. படுங்க" என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இரண்டாம் பாதியில் மழை நின்றது. வேறு பெரிய மாற்றம் இல்லை. விசில், வம்புக்காகவே, முன்வரிசையில் சட்டமாக உட்கார்ந்து சண்டைப் படத்தின் உறையால் விசிறிக்கொண்டார். கால் மணி நேரத்தில் விசிறுவது நின்றது. அரை மணி நேரத்தில், "பிரிம்மா அதை! வயசாகுதில்ல?" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். டிக்கெட் கவுன்ட்டர் பெண், "கத்தாதீங்க!" என்று கத்தினாள்.

கடைசிக் காட்சி. விதவை எழுந்தாள். கடிதத்தை எடுத்தாள். கணப்பு முன்னால் போய் நின்றாள். கையை நெருப்பை நோக்கி நீட்டினாள்.

மன்றத்தில் குறட்டையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. டைம்கீப்பருக்குள் போடு என்று ஒரு மனம் சொன்னது. எந்தக் கட்சிக்காகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு திரும்பி வந்தது. அவள் உறையைக் கிழித்துப் பிரித்தாள். படித்தாள். என்ன எழுதியிருந்தது என்று காட்டவில்லை. முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் விசில். "என்ன எழுதியிருந்தான்? சார், அடுத்த பாகம் இருக்கா?"

"சக்கரம் கழலவே இல்ல!" என்றார் கிரீஸ். ஏமாந்துவிட்டாரா, நிம்மதியா என்று சொல்ல முடியவில்லை. கேன்டீன் அக்கா பதினாலு டீ என்று அறிவித்துவிட்டு எழுந்தாள். பின்வரிசையை எழுப்பினார்கள். பன்னிரண்டு பேரும் படம் அருமை என்றார்கள். மாசாமாசம் இந்த மாதிரியே போடலாம் என்றும் சொன்னார்கள்.

டைம்கீப்பர் எழுந்திருக்கவில்லை. ஜெயித்துவிட்டார். ஐம்பது நாள் சண்டையில் ஜெயித்துவிட்டார். அந்தச் சண்டையில் இனி ஒரு வார்த்தை பாக்கி இல்லை.

எல்லோரும் போன பிறகு மகள் சொன்னாள். "நீங்க சொன்னதுதாம்ப்பா சரி."

"யாரு சொன்னா?" என்று அவர் திரும்பினார். "அவ கை நெருப்புகிட்ட போச்சா இல்லியா?"

"போச்சு. ஆனா…"

"எவ்வளவு நேரம் அங்க இருந்துது தெரியுமா? பதினோரு செகண்ட். அந்தப் பதினோரு செகண்டும் உங்கம்மா சொன்னதுதான் சரி. நான் சொன்னது அதுக்கப்புறம்தான் வருது. இதை ஜெயிச்சதா எப்படிச் சொல்றது? இன்னும் பேசித்தான் முடிவு பண்ணணும்."

மகளும் எண்ணியிருந்தாள். பழக்க தோஷம். நாலு செகண்ட்.

"பதினோரு செகண்டா?" என்றாள்.

"நான் டைம்கீப்பர்."

"ஆமாம்ப்பா" என்றாள். "பதினொண்ணுதான்."