ஈப்போவில் வெயில்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி நான். மழையில் பறித்த கொழுந்து கனக்கும். அந்தக் கனம் தண்ணீருடையது என்பதால் அதைக் கழித்துத்தான் எடை எழுதுவோம். குதிரைப் பந்தயத்துக்கு நான் உண்டாக்கிய கணக்கும் அங்கிருந்துதான் வந்தது. ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு சுமை தாங்கி ஓட வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்; நன்றாக ஓடும் குதிரைக்குச் சுமை கூடுதல். காய்ந்த தரையில் அந்தச் சுமை பெரிதில்லை. நனைந்த தரையில் குளம்பு புதையும், நல்ல குதிரையும் திணறும். ஆகவே மழை நாளில் பேர்போன குதிரைகளை விட்டுவிட்டு, குறைந்த சுமையோடு ஓடுவதைப் பிடிக்க வேண்டும்.

பந்தயம் நடப்பது கீழே ஈப்போவில். எங்கள் மலையில் மேகம் இறங்கினால் அங்கேயும் மழைதான் என்று நம்பினேன். பிறந்ததிலிருந்து ஈரத்திலேயே இருப்பவனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

பந்தயத்தில் எனக்காகப் பணம் கட்டப் போனவன் என் நண்பன். தோட்டத்துத் தேயிலைத் தூளை ஈப்போவுக்குக் கொண்டுபோகும் லோரி ஓட்டுநர். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவன். அவளைக் கல்லூரிக்கு அனுப்பச் சேர்த்தது போதாது என்ற பயத்தில், சேர்த்ததையே அவன் கையில் கொடுத்து வந்தேன். குதிரைகள் தோற்றன.

"கணக்கு சரிதான் மச்சான், இன்னும் கொஞ்சம் திருத்து," என்பான். "படிச்ச மூளை லா. நாங்கல்லாம் வாலைப் பாத்து கட்டுறவங்க."

நான் திருத்துவேன். மறுபடி கொடுப்பேன்.

ஒரு சனிக்கிழமை என் குதிரை ஜெயித்தது. யாருமே நம்பாத குதிரை. லோரி திரும்பும்வரை ஷெட்டில் காத்திருந்தேன். அவன் இறங்கி, என்னைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

"காசு எங்கடா?"

"கட்டல மச்சான்."

"இன்னிக்கா?"

"என்னிக்குமே." துணியைப் பிழிந்தான். "நீ மழைக் கணக்கு போட்டு அனுப்புவ. நான் அங்க போய் இறங்குனா வெயில் மண்டையைப் பொளக்கும். தோக்கப்போற குதிரைக்கு எதுக்குக் கட்டணும்? நானே வச்சுக்கிட்டேன். வீட்டுக் கூரைக்குப் போயிருச்சு. இன்னிக்குத்தான் நெசமாவே மழை."

"வெயில்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்திருவ லா."

அந்தப் பதில்தான் இன்னும் என்னை ஆட்டுகிறது. திருடியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். என் மூளையைப் புகழ்ந்தானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மகளுக்குக் கிடைத்த கல்லூரி இடம் பணம் கட்டாமல் போய்விட்டது. போன மாதம் ஈப்போவில் ஒரு மருந்துக் கடை வேலைக்கு அவளை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். "மாமா லோரில ஏத்திட்டுப் போறேன்னாரு," என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவனோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், கல்லூரிப் பணம் எப்படிப் போனது என்பதையும்.

நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"அவர் கட்டியிருந்தா அந்தக் காசு இப்ப இருக்குமாப்பா?"

"கடைசிக் குதிரை ஜெயிச்சுச்சும்மா."

"மத்ததெல்லாம்?"

அவளே போனை எடுத்து, லோரியில் வரவில்லை என்று அவனுக்குச் செய்தி அனுப்பினாள். சான்றிதழ்களைப் பைக்குள் வைத்தாள்.

"தானா ராத்தா டவுன்ல பஸ் ஏறிக்கிறேன்."

"பஸ் ஸ்டேஷன் வரைக்கும் நான் வரட்டுமா?"

"வேணாம்பா," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.