பி.டி. சாரின் மகள்

மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத் தூளின் காரநெடி மூக்கில் ஏறினால், இன்றும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். தாம்பரத்தில் நான் படித்த பள்ளியிலேயே அப்பா விளையாட்டு ஆசிரியராக இருந்தார். விளையாட்டு விழா நெருங்கும் வாரங்களில் அவருடைய சட்டை, செருப்பு, காது மடல் எல்லாவற்றிலும் அந்தத் தூள் ஒட்டியிருக்கும். இரும்புலியூரிலிருந்து ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு வருபவர், பள்ளி வாசலுக்கு முந்தைய திருப்பத்திலேயே இறக்கிவிட்டு, "இங்கேர்ந்து நான் சார்" என்பார். பிள்ளைகளுக்கு நான் "பி.டி. பொண்ணு". சின்ன வகுப்புகளில் அது எனக்கும் ஒரு விளையாட்டாகவே இருந்தது.

எட்டாம் வகுப்பில்தான் கசந்தது. மண்டலப் போட்டியில் நூறு மீட்டர் ஓட ஒரு பெண்ணை அப்பா தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் நானும் ஸ்டெல்லாவும் மிஞ்சினோம். நான் தெளிவாக முந்தினேன். கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் இன்னொரு தடவ ஓடுங்க" என்றார். மறுபடியும் நானே முந்தினேன். அவர் வேலியோரம் நின்ற பெற்றோரைப் பார்த்தார், தலைமையாசிரியர் அறை ஜன்னலைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"ஸ்டெல்லா" என்றார்.

"சார், அவதானே சார் ஃபர்ஸ்ட்டு?" என்று ஸ்டெல்லாவே கேட்டாள்.

"லைன்ல போய் நில்லு."

அன்று மாலை அம்மா பொரிந்து தள்ளினாள். "ஒங்க நல்ல பேருக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா?" அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, "பொண்ணுன்னு சேத்துக்கிட்டாருன்னு நாலு பேர் சொன்னா அசிங்கம் அவளுக்குத்தான்" என்றார். என்னைத் தாண்டிக் குளிக்கப் போனார்.

மறுநாளிலிருந்து வீட்டிலும் நான் அவரை "சார்" என்றே கூப்பிட்டேன். "சார், அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க." திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார், அல்லது கெஞ்சுவார் என்று காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து கைகழுவப் போனார். என் ஆயுதம் அவர் மேல் படவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சில வாரங்களில் நானே சலித்துப்போய் மறுபடி அப்பா என்றேன். அதற்கும் அதே "ம்" தான்.

அடுத்த வருடம் ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில் அவர் ஸ்டாப் வாட்ச்சை அறிவியல் டீச்சரிடம் கொடுத்துவிட்டு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் தேர்வானேன்; மண்டலப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைப் போலவே எனக்கும் கை கொடுத்தார். ஸ்கூட்டரில் திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். வீட்டுத் தெருவில் திரும்பும்போது சொன்னார்: "ஸ்டார்ட்ல தலையத் தூக்கிட்ட."

கல்லூரிக்குப் போனதும் ஓடுவதை விட்டுவிட்டேன். அவரால்தான் விட்டேன் என்று பல வருடங்கள் சொல்லித் திரிந்தேன். அது முழு உண்மையா என்று இப்போது தெரியவில்லை.

அந்த மைதானம் இன்று இல்லை. பாதியில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது, மீதியில் பள்ளிப் பேருந்துகள் நிற்கின்றன. அப்பா செம்பாக்கத்தில் என்னோடு இருக்கிறார். முட்டிவலி, ஏரிக்கரை வரை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். யார் வந்தாலும் நிறுத்திவைத்துப் பேசுகிறார். போன வாரம் தண்ணீர் கேன் போட வந்தவரிடம், "எம் பொண்ணு என்னா ஓட்டம் ஓடுவா தெரியுமா? ஸ்கூல்லயே அவள அடிச்சிக்க ஆள் கெடயாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "இத அப்பவே எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருந்தா என்னப்பா?"

அவர் உண்மையிலேயே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஒனக்குத் தெரியாதா?"

கேன்காரர் காலி கேனுக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய் அதை எடுத்துவந்து, வேண்டுமென்றே சத்தம் வர வாசலில் வைத்தேன்.