சாமைக் கொல்லையில் இறங்கிய விண்கலம்

தொலைக்காட்சியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விண்வெளித் தொடரில் நான் ஒன்பது ஆண்டுகள் நடித்தேன். இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் என் முகத்தைப் பார்ப்பார். கொஞ்சம் சந்தேகத்தோடு இன்னொரு முறை பார்ப்பார். அவர் மேல் தவறில்லை. அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருநாள்கூட என் முகம் திரையில் வரவில்லை.

வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த மருத்துவச்சி வேடம் எனக்கு. நெற்றியில் ஒரு ரப்பர் புடைப்பை ஒட்டுவார்கள். கன்னத்திலும் மோவாயிலும் இரண்டு ரப்பர் துண்டுகள். அதன்மேல் முகம், கழுத்து, கை எல்லாம் நீலச் சாயம். மூன்று மணி நேரம் ஆகும். சென்னைக்கு வெளியே ஒரு பழைய அரிசிக் கிடங்கில்தான் எங்கள் விண்கலம் நின்றது. தகரக் கூரை. ஒட்டுப் பலகையில் செய்த சுவர்களில் உடைந்த வாஷிங் மெஷின்களின் பொத்தான்களைப் பதித்திருந்தார்கள். சித்திரையில் ரப்பருக்குள் வியர்வை தேங்கி, நான் தலையைக் குனிந்தால் மூக்கு வழியாக வடியும்.

முகம் போனது முதல் நாள். குரல் போனது முதல் வாரம். வசனத்தை எழுதிக் கொடுத்தபடிதான் பேசினேன். ஆனாலும் இயக்குநர் காதில் ஏதோ இடறியது. எந்த ஊர் என்று கேட்டார். கள்ளக்குறிச்சிப் பக்கம், நைனார்பாளையம் என்றேன். வானத்திலிருந்து இறங்கியவள் கள்ளக்குறிச்சிக்காரி மாதிரி இழுத்துப் பேசினால் யார் நம்புவார்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு வேறொரு பெண் குரல் கொடுத்தாள்.

ஊரில் அம்மா ஒவ்வொரு இரவும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு தொடரைப் பார்ப்பாள். நீலமாக நிற்கிறாளே, அவள்தான் என் பெண் என்பாள். மூஞ்சியும் அவளுடையது இல்லை, குரலும் அவளுடையது இல்லை, பின்னே எதை வைத்துச் சொல்கிறாய் என்று ஒருத்தி கேட்டாளாம். அம்மா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அந்தப் பெண் வருவதில்லை என்று மட்டும் தொலைபேசியில் சொன்னாள்.

ஆறாவது ஆண்டில் கதையில் ஒரு புதிய கிரகம் வந்தது. அதற்கு மலை வேண்டும், கூட்டம் சேராத இடமாக இருக்க வேண்டும் என்று தேடி, கடைசியில் கல்வராயன் மலையைப் பிடித்தார்கள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சரிவு இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. சரிவு முழுக்க ஒரே கொல்லை, மழையை நம்பி விதைத்த சாமை விளைந்து கிடந்தது. கதிர் தலை சாய்ந்து, அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும் பக்குவம். ஆறு ஆண்டுகளில் முதல் தடவையாகத் தயாரிப்பு நிர்வாகி என்னைத் தேடி வந்தார். நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர்தானே, கொல்லைக்காரியிடம் நீங்களே பேசுங்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

கொல்லைக்குச் சொந்தக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் கேரளாவில் வேலைக்குப் போயிருந்தார். உழவிலிருந்து களையெடுப்பு வரை எல்லாம் அவள் ஒருத்திதான். எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள். எத்தனை பேர் வருவார்கள், வண்டி எங்கே நிற்கும், என்ன கொண்டுவருவார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். கடைசியில் நான் சொன்னேன்: "ஓரத்துலதான் நிப்பாங்க. கொல்லையில ஒரு காலு படாது. நான் இருக்கன் இல்ல."

"நீ இருக்கறன்னு சொல்ற. அப்ப சரி" என்றாள்.

மறுநாள் காலை வேனுக்குள் எனக்குச் சாயம் பூசி முடிக்கப் பத்து மணி ஆகிவிட்டது. வெளியே வந்து பார்த்தேன். ஃபைபரில் செய்த சிறிய விண்கலத்தை எட்டுப் பேர் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையின் நட்டநடுவில் வைத்திருந்தார்கள். கேமரா நகர்வதற்குத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். சாமை பாய் விரித்தது மாதிரி படுத்துக் கிடந்தது. ஓரத்தில் வைத்தால் பின்னால் மின்கம்பம் தெரிகிறதாம். நான் நிர்வாகியிடம் போய், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க சீனைப் பாருங்க மேடம், அதெல்லாம் நாங்க பேசிக்கிறோம்" என்றார்.

அந்தக் கிரகத்து மக்களாக நடிக்க மலையிலிருந்தே இருபது பேரைப் பிடித்திருந்தார்கள். ஜீன்ஸும் சட்டையுமாக வந்தவர்களுக்குச் சாக்குத் துணி கட்டி, கைபேசிகளை வாங்கி ஒரு கூடையில் போட்டார்கள். நான் ஏணியில் இறங்க வேண்டும், அவர்கள் பயந்து விலக வேண்டும். அதுதான் காட்சி.

நான் பாதி ஏணி இறங்கியிருப்பேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியவள், கையில் பை இருந்தது. அதைக் கீழே வைத்தாள். படுத்துக் கிடந்த கதிர் ஒன்றைப் பிடுங்கி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"யம்மா, நேத்து ஒரு பொண்ணு வந்து வாக்கு குடுத்துட்டுப் போச்சி. ஒரு காலு படாதுன்னு சொல்லிச்சி. அது எங்க இருக்குது? அத்த கூப்புடு. வந்து பாக்கச் சொல்லு இத."

கதிர் என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடியது. நேற்று அவ்வளவு நேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்திருந்தால் குரலிலேயே தெரிந்திருக்கும். கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பது ஒரு சாக்கு. உண்மையில், ரப்பருக்குப் பின்னால் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு முதல் முறையாகச் சௌகரியமாக இருந்தது.

இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. கண் பளபளக்க விரலைச் சுழற்றினார், அப்படியே போகட்டும் என்று. பிறகு கையை உயர்த்தி, ஆசீர்வாதம் செய்வதுபோல் காட்டினார். என் கை போய் அவள் தலைமேல் உட்கார்ந்தது.

அவள் அழுதாள். இயக்குநர் அப்போதுதான் நிறுத்தச் சொன்னார். அருமை என்றார். நிர்வாகி அவளைத் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்ததை வேனின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் வாங்கவில்லை. நாங்கள் மலையிறங்கும்போது, நிர்வாகி வைத்துவிட்டுப் போன கல்மேலேயே பொட்டலங்கள் இருந்தன.

அந்தக் காட்சி இரண்டு மாதம் கழித்து ஒளிபரப்பானது. அவள் பேச்சைத் தலைகீழாக ஓட்டி, ஏதோ இரைச்சல் கலந்து, வேற்றுக் கிரக மொழியாக்கியிருந்தார்கள். கீழே தமிழில் எழுத்து ஓடியது: வானிலிருந்து வந்த தாயே, எங்கள் மண்ணை ஏற்றுக்கொள். தொடர் தொடங்கியதிலிருந்து இவ்வளவு பாராட்டு வந்த காட்சி வேறு இல்லை என்று தளத்தில் கேக் வெட்டினார்கள். அந்த மலைக்காரி பிறவி நடிகை என்றார்கள். ஒரு துண்டு எனக்கும் கொடுத்தார்கள். தின்றேன்.

அதற்குப் பின்னும் மூன்று ஆண்டுகள் அங்கேதான் இருந்தேன். ஒன்பதாம் ஆண்டின் முடிவில் நெற்றித் தோல் வெடித்துச் சீழ் கட்டியது. ஒரு மாதம் சாயமும் பசையும் படக்கூடாது என்றார் மருத்துவர். விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துத் தளத்துக்குப் போனபோது ஒப்பனை அறையில் என் நாற்காலியில் நீலமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் ரப்பர் நெற்றி அவளுக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. குரல்காரி அதே குரல்காரி. நிர்வாகி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்ப்பவர்கள் ஒருவர்கூட வித்தியாசம் கேட்கவில்லை என்றார். அதை ஒரு நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார்.

பெட்டியோடு நைனார்பாளையத்தில் போய் இறங்கினேன். அம்மா வாசலிலேயே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்துகூட டிவில பாத்தனே உன்ன. ரொம்ப எளச்சிட்ட மாதிரி இருந்துது, இங்க பாத்தா அப்பிடி இல்லியே" என்றாள்.

இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பிறகு ஒருநாள் காலை கள்ளக்குறிச்சிக்குப் போய் வெள்ளிமலைப் பேருந்தைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஏமாந்த கதையை அவளிடம் சொல்லி ஆறுதல் தேடவும்தான் போனேன் என்று இப்போது படுகிறது.

அவள் வீட்டு முன்னால் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "வாக்கு குடுத்துட்டுப் போனவதான நீ" என்றாள். ஆமாம் என்றேன். உட்காரச் சொல்லவில்லை. புளியை உடைத்துக்கொண்டே பேசினாள். அந்த வருடம் விதைக்குக்கூடச் சாமை மிஞ்சவில்லை. டிவியில் காட்டியதிலிருந்து மலையில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் வாய்க்கு வந்ததை உளறி, இது இன்னா பாஷை சொல்லு என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். "நான் பேசுனது எனக்கே புரியல" என்றாள். பிறகு கொட்டையை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்:

"அந்த நீலப் பொம்பள பரவால்ல. யாரோ எவளோ, நின்னு கேட்டுக்கினு இருந்தா. தலையத் தொட்டா. அவளுக்காவது மனசு இருந்துது. நீ வரவே இல்ல."

சொல்லாமல் திரும்பி வந்திருக்கலாம். அவளிடம் மிச்சமிருந்த அந்த ஒரு நல்ல நினைப்பையாவது விட்டு வைத்திருக்கலாம்.

"அது நான்தாங்க" என்றேன்.

அவள் கை நின்றது. என் நெற்றியில் புண் ஆறிய கறுப்புத் தழும்பைப் பார்த்தாள்.

"அப்ப எல்லாத்தையும் கேட்டுக்கினேதான் நின்னியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டவில்லை. கதவைக்கூடச் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு சாலைக்கு நடந்து வந்து, பேருந்து வரும்வரை வெயிலில் நின்றேன்.

இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த மருத்துவச்சி இப்போது நான் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் தொடரை விடவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் அணைக்கப் போனேன். ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இரு, இப்பதான் கதை நல்லாப் போய்க்கினு இருக்குது" என்றாள்.