பூப்போட்ட நைட்டியும் நாற்பது எலிகளும்

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். தபீதாள் அக்காவுக்கு அது எங்கே இருக்கிறதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரும்புலியூரிலிருந்து பஸ் பிடித்து, காலை ஏழு மணிக்கெல்லாம் குரோம்பேட்டைப் பக்கமுள்ள எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவற்றின் எடையை எழுதிவைப்பது என் வேலை.

இவை பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகள். உடம்பில் முடியும் கிடையாது. பூனையிடமிருந்து பரவி, மூளையில் போய்க் குடியேறும் ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. நம்மில் பலருக்குள் அது சத்தமில்லாமல் அடங்கிக் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு எமனாகிவிடும். அவர்களுக்காகத்தான் எங்கள் ஆய்வகத் தலைவர் எலியேசர் சார் இந்த எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கிறார். எலிகள் பிழைக்காது என்பது அக்காவுக்கும் தெரியும்.

"சாவுறது சாவட்டும் பஷீரா. வதைபட்டு சாவக் கூடாது, அவ்ளோதான்" என்பார்.

போன டிசம்பரில், கிருமி கொடுப்பதற்கு முந்தைய வாரம், கூண்டுகளைப் பார்த்தவள் திகைத்துப்போனேன். எல்லாமே வெள்ளையாக இருக்கும் அந்த அறையில், நாற்பது கூண்டுகளிலும் ரோஸ் கலர் பூப்போட்ட துணித் துண்டுகள்.

"அக்கா, இது இன்னாது?"

"என் பழைய நைட்டிம்மா. ஏசி குளிருல அதுங்க நடுங்குதுங்க. டெட்டால்ல ஊறவெச்சி, ரெண்டு வாட்டி அயர்ன் பண்ணித்தான் கொண்டாந்தேன்."

ஆட்டோகிளேவ் நீராவியில் வேகாத ஒரு துரும்புகூட அந்த அறைக்குள் போகக் கூடாது. வெளிக்கிருமி ஒன்று புகுந்தால் நாற்பதும் காலி, சாரின் எட்டு மாத உழைப்பும் காலி. வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அக்கா நேராக சாரிடம் போய்த் தானே சொல்லிவிட்டார்.

"பாவம் பாக்குறது தப்பில்லக்கா. ஆட்டோகிளேவ் பண்ணாம பாவம் பாத்தீங்க பாருங்க, அதுதான் தப்பு" என்றார் சார். துணியை எடுத்துவிட்டு, கிருமி கொடுப்பதைத் தள்ளிப்போட்டு, இரண்டு வாரம் பொறுத்துச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது.

அந்த ஞாயிறு, 'என் பொறுப்பில் இருக்கும் நாற்பது சிறியவர்களின் சுகத்துக்காக' என்று அக்கா சர்ச்சில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். எலி என்று தெரியாமல் சபையே ஜெபித்ததாம். சிரித்தேன். ஆனால் நானும் தொழுகையில் துஆ கேட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. எலிகள் தப்பித்தன.

அதன்பிறகு சாரே ஆட்டோகிளேவ் செய்த காகிதக் கீற்றுகளைப் போடச் சொன்னார். எலிகள் அவற்றை இழுத்து இழுத்து மூலையில் கிண்ணம் மாதிரி கூடு கட்டிக்கொண்டன. அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

கிருமி கொடுத்தாயிற்று. ஒருநாள் அக்கா சொன்னார்: "மூணாம் நம்பரு இன்னிக்கி கூடு கட்டல."

"எடை சரியாத்தான் கீது. சோம்பேறி எலியா இருக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் அதன் எடை சரிந்தது. தலை ஒரு பக்கம் சாய, வட்டமடித்துச் சுற்ற ஆரம்பித்தது. எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால்தான் ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைப்பது விதி. அதுவரை அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நம்பரும் முதலில் கூட்டை விட்டது, பிறகு அப்படியே சுற்றியது.

அக்கா சாரிடம் போய் நின்றார். "கூட்டை வுட்டுச்சுன்னா அது முடிஞ்சிபோச்சு சார். அப்புறம் ஒரு நாளும் வெச்சிருக்காதீங்க."

சார் என் எடைப் பதிவுகளையும் அக்கா சொன்ன நாட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவிடம் அனுமதி வாங்கி, கூட்டை விட்ட அன்றே தூங்கவைப்பது என்று விதியை மாற்றினார். படிவத்தில் 'கூடு' என்று புதிதாக ஒரு கட்டம் வந்தது. அதை நிரப்புவது அக்கா மட்டும்தான். ஒரு மாதம் அவர் நடையே மாறிப்போயிருந்தது; எனக்கும் பெருமைதான்.

நேற்றுக் காலை பதினோராம் கூண்டில், காகிதக் கீற்றுகள் போட்டது போட்டபடி கிடந்தன. எலி அவற்றின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. அக்கா படிவத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு கையுறையோடு கீற்றுகளைச் சேர்த்து, மூலையில் தானே ஒரு கூடு கட்டினார். எலியை மெல்ல எடுத்து அதற்குள் வைத்துவிட்டு, சாரைக் கூப்பிடப் போனார்.